தேய்ந்தது காசா, அச்சா?

பெரியபுராணத்தின் திருவீழிமிழலைப் பகுதியைப் பாடம் நடத்தும் ஆண்டுகளில் எல்லாம் வகுப்பில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "கடவுள் கொடுத்த காசுக்கே கடைக்காரர் வட்டம் பிடித்தாரா, ஐயா?"

நிகழ்ச்சி நண்பர்கள் அறிந்ததுதான். பஞ்ச காலம். அடியார்களுக்கு அமுது படைக்க வழியில்லை. அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் பீடத்தில் ஒவ்வொரு காசு வைக்கிறான். அப்பர் காசு கடைவீதியில் உடனே செல்கிறது. சம்பந்தர் காசுக்கு வாசி கேட்கிறார்கள், அதாவது மாற்றும்போது ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வோம் என்கிறார்கள். பேரம் முடிந்து பண்டம் வந்து உலை ஏறுவதற்குள் பொழுது போய்விடுகிறது. காரணம் அறிந்த சம்பந்தர் வாசியில்லாத காசு வேண்டிப் பதிகம் பாடுகிறார். அப்பர் உழவாரப் படை ஏந்தி உடலால் தொண்டு செய்தவர், சம்பந்தர் பிள்ளை, ஆகவேதான் இந்த வேறுபாடு என்று மரபு விளக்கம் சொல்லும். அந்த விளக்கத்தோடு எனக்குப் பிணக்கு ஏதுமில்லை. ஆனால் என் மனம் எப்போதும் அந்தப் பெயரில்லாத கடைக்காரரிடமே போய் நிற்கிறது. அவர் காசை வாங்கினார், திருப்பிப் பார்த்தார், குறை சொன்னார். எதைப் பார்த்துச் சொன்னார்? முகத்தைப் பார்த்தா, எடையைப் பார்த்தா, மாற்றைப் பார்த்தா?

சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் அந்தக் கடைக்காரர் தனி ஆள் அல்லர் என்று தெரிகிறது. 'அன்றாடு நற்காசு' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அன்றைய வழக்கில் செல்லுபடியாகும் நல்ல காசு என்று பொருள். நம் கொங்குக் கல்வெட்டுகளில் 'பழஞ்சலாகை அச்சு' அடிக்கடி தென்படும். கோயில் விளக்குக்கு இத்தனை பழஞ்சலாகை அச்சு கொடுத்தான் என்று எழுதிவைத்திருப்பார்கள். இங்கே அச்சு என்பதே காசின் பெயர். எந்தக் கருவியால் அடிக்கப்பட்டதோ அந்தக் கருவியின் பெயரையே காசுக்கு இட்டு வழங்கியிருக்கிறார்கள். தமிழில் அச்சு என்ற சொல் எங்கெல்லாம் போகிறது பாருங்கள்: வண்டிக்கு அச்சு, பவானி ஜமக்காளத் தறிக்கு அச்சு, வெல்லத்துக்கு அச்சு, புத்தகத்துக்கு அச்சு. பிள்ளை தகப்பனைப் போலிருந்தால் 'அச்சு அசல்' என்கிறோம். இந்தப் பாராட்டுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அச்சு மாறாது, அதிலிருந்து பிறப்பவை எல்லாம் ஒன்றே போல் இருக்கும் என்னும் நம்பிக்கை. நாணய அச்சைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை தவறு. அந்தத் தவற்றின் விலையைக் கொங்கு நாடு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

அச்சுக்கும் வயதாகும். காசு அடிப்பதென்றால் என்ன? இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வெறும் உலோக வில்லை ஒன்றை வைத்து அழுத்துவது. அந்த நொடியில் வில்லையின் உலோகம் கெட்டிப் பொருளாக இருந்துகொண்டே மாவுபோல் நகர்கிறது. அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது, மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் பரவுகிறது. அப்படிப் பரவும்போது அச்சின் முகத்தை உரசிக்கொண்டு போகிறது. ஒரு முறை உரசினால் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான முறை உரசும்போது அச்சின் பரப்பில் மயிரிழை போன்ற கோடுகள், சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, நடுவிலிருந்து வெளிநோக்கி விழுகின்றன. புதுக்காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சுழன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அழகு இந்த நுண்கோடுகளால் வருவதுதான். அச்சு தேயத் தொடங்குவதே காசுக்கு ஒளி தருகிறது என்பது விசித்திரம்தான்.

பிறகு கோடுகள் ஆழமாகின்றன. எழுத்துகளின் கூர்மை மழுங்குகிறது. அவற்றின் ஓரங்கள் விளிம்பை நோக்கி இழுபட்டுப் பருத்துப் போகின்றன. முடியின் இழைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அச்சில் விரிசல் விழுந்தால் அந்த விரிசலுக்குள்ளும் உலோகம் ஏறும்; காசின் மீது அது மெல்லிய மேடான கோடாக நிற்கும். விரிசல் பெரிதாகி அச்சின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டால் காசின் ஓரத்தில் உருவமில்லாத கட்டி ஒன்று முளைக்கும். வில்லை இல்லாமல் இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால் ஒன்றின் உருவம் மற்றொன்றில் பதிந்துவிடும். அதன்பின் வரும் காசுகளில் தலைப்பக்கத்தின் வெளியில் பூப்பக்கத்தின் நிழல் தெரியும். இந்தக் காயங்களை மறைக்க அச்சைத் தேய்த்து மெருகிட்டால், ஆழம் குறைந்த நுட்பங்கள் முதலில் காணாமற்போகும். அமெரிக்காவின் டென்வர் சாலையில் 1937இல் அப்படி மெருகிட்ட அச்சு ஒன்றிலிருந்து வந்த ஐந்து சென்ட் காசுகளில் காட்டெருமைக்கு மூன்று கால்களே உண்டு. அதே டென்வரில் 1922இல் அடித்த ஒரு சென்ட் காசுகள் சிலவற்றில், சாலையின் அடையாள எழுத்தே இல்லை. அந்த ஆண்டு ஒரு சென்ட் அடித்தது டென்வர் மட்டும்தான். இளைத்துப்போன அச்சுகளை விடாமல் வேலை வாங்கியதில் எழுத்து மங்கி மறைந்துவிட்டது. இன்று சேகரிப்பாளர்கள் அந்த மங்கல் காசுக்குத் தெளிவான காசைவிடப் பன்மடங்கு விலை கொடுக்கிறார்கள்.

இங்கே ஓர் எளிய விதி கிடைக்கிறது. அச்சில் பள்ளம் எதுவோ அது காசில் மேடு. ஆகவே காசின் மீதுள்ள ஒரு கோடு புடைத்திருந்தால் அது அச்சு பட்ட காயம். குழிந்திருந்தால் காசு பட்ட காயம். முன்னது பிறப்பதற்கு முன்னரே வந்தது, பின்னது பிறந்து உலகத்தில் உழன்றபோது வந்தது. மங்கலிலும் இந்த வேறுபாடு உண்டு. கைகளில் புழங்கித் தேய்ந்த காசில் உயர்ந்த இடங்களே முதலில் மழுங்கும்: கன்னம், புருவம், முடி. பள்ளமான வெளிப்பகுதி பல காலம் தப்பித்திருக்கும். தேய்ந்த அச்சில் பிறந்த காசிலோ மங்கல் எங்கும் பரவியிருக்கும், எழுத்துகள் வீங்கியிருக்கும், ஆனாலும் பரப்பில் புதுக்காசின் ஒளி ஓடும். முகம் கிழம், தோல் இளமை.

இவற்றையெல்லாம்விட உறுதியான சாட்சி தராசு. விரல்களில் தேய்ந்த காசு எடை குறையும். தேய்ந்த அச்சில் பிறந்த காசு முழு எடை நிற்கும். ஏனென்றால் அதன் உலோகம் எங்கும் போகவில்லை, உருவம்தான் சரியாக ஏறவில்லை. விக்டோரியா வெள்ளி ரூபாயின் நிறை 11.66 கிராம். முகம் மங்கிய ரூபாய் ஒன்று ஏறக்குறைய அந்த எடையே காட்டினால் அது ஏமாற்றுக் காசும் அல்ல, உழைத்து ஓய்ந்த காசும் அல்ல. பிறக்கும்போதே மங்கலாகப் பிறந்த காசு.

திருவீழிமிழலைக் கடைக்காரர் முகத்தை மட்டும் பார்த்து வாசி கேட்டிருந்தால் அது அநியாயம். ஆனால் அவர் அப்படிச் செய்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். இந்த நாட்டில் காசைச் சோதிப்பது தனித் தொழிலாக இருந்திருக்கிறது. சங்கப் புலவர் பெயர்களில் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று வருவதைக் காண்கிறோம். வண்ணக்கன் என்பதற்கு நாணயம் பார்ப்பவன் என்று உரைகாரர்களும் பதிப்பாசிரியர்களும் பொருள் கூறியிருக்கிறார்கள். கரூர் அருகே புகழூர் மலையில், கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் துறவிக்குப் படுக்கை வெட்டிக்கொடுத்ததைத் தமிழ்ப் பிராமி எழுத்து சொல்கிறது. உரைகல்லும் தராசும் நம்மிடம் கவிதையளவு பழையவை. காசைப் பார்க்கத் தெரிந்தவர்கள் கவிதையும் எழுதிய ஊர் இது. இன்று கவிதை எழுதுகிறவர்கள் ஏராளம்; காசைப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு.

அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். குதிரைகளையும் மாடுகளையும் பார்த்து முடித்துக் கடைவரிசைக்குள் நுழைந்தால், துணி விரித்துப் பழங்காசு வைத்திருப்பவர்கள் ஓரிருவராவது இருப்பார்கள். இரண்டு குவியல் இருக்கும். ஒன்று 'முகம் தெளிஞ்சது', மற்றது 'தேஞ்சது'. தெளிந்ததற்குத் தனி விலை, தேய்ந்தது வெள்ளி விலைக்கு. நான் ஒருமுறை இரண்டாம் குவியலில் கைவிட்டுத் துழாவியபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "வாத்தியாரே, அது உருக்கறதுக்குங்க" என்றார். அன்று என் கையில் ஏறியது 1862 ரூபாய் ஒன்று. அரசியின் கன்னத்திலிருந்து விளிம்புவரை மயிரிழைபோல் மேடான கோடு. வெள்ளி விலைக்கே கிடைத்தது.

அந்த 1862 என்ற ஆண்டு ஒரு தனிக்கதை. இந்திய ரூபாயில் 1862 என்று பொறித்த காசை 1874 வரை, ஆண்டை மாற்றாமலே அடித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக் காசுகள் ஒரே பிறந்த தேதியைச் சொல்லிக்கொண்டு திரிகின்றன. பம்பாய்ச் சாலைக் காசுகளின் பின்பக்கத்தில் காணும் நுண்ணிய புள்ளிகளின் எண்ணிக்கை உண்மையான ஆண்டைக் குறிப்பதாக நாணயவியலார் கொள்கிறார்கள். ஆக எழுதப்பட்ட ஆண்டு பொய் சொல்லும்போது, அச்சின் சிறு அடையாளங்களே மெய்யைச் சொல்கின்றன. புள்ளி இல்லாத நாணயங்களில் அந்த வேலையைச் செய்ய அச்சின் விரிசலையும் தேய்வையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது?

இப்போது கொங்கு நாடு கொடுத்த விலைக்கு வருகிறேன்.

1842இல் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் ஒரு மண்பானையில் 522 உரோம வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை திபேரியசு மன்னனுடையவை, அடுத்தபடி அகசுதசுவினுடையவை. வெள்ளலூரில் பின்னரும் புதையல்கள் கிடைத்தன. பொள்ளாச்சி, கரூர், உடுமலை வட்டாரங்களிலும் கிடைத்தன. நொய்யல் கரை வழியே மேற்குக் கடற்கரைக்கும் கிழக்குக்கும் நடந்த வாணிகத்தின் தடம் அவை. இந்தக் காசுகளில் பெரும்பகுதி இரண்டே வகைகளைச் சேர்ந்தவை. அகசுதசு காசில் அவன் பேரர்களான கையசும் லூசியசும் கேடயங்களோடு நிற்பார்கள். திபேரியசு காசில் ஒரு பெண் உருவம் நாற்காலியில் அமர்ந்திருக்கும். இரண்டும் இன்றைய பிரான்சில் லியோன் எனப்படும் ஊரின் காசுச்சாலையில் அடிக்கப்பட்டவை என்று பொதுவாகக் கொள்வர். திபேரியசு கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன். அத்தனை காலமும் ஏறத்தாழ இந்த ஒரே உருவத்தையே வெள்ளியில் அடித்துத் தள்ளினார்கள்.

ஒரே உருவம் என்றதும் அன்றைய அதிகாரிகளுக்கும் அருங்காட்சியகத்தாருக்கும் ஓர் எண்ணம் தோன்றியது. இத்தனை எதற்கு? வகைக்குச் சிலவற்றை, முகம் தெளிவானவையாகப் பார்த்து எடுத்துவைத்துக்கொள்வோம், மற்றவை 'மிகைப்படி'. 1878இல் வந்த புதையல் சட்டத்துக்குப் பிறகு இது முறைப்பட்ட வழக்கமே ஆயிற்று. மிகைப்படிகள் வேறு ஊர் அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன, சேகரிப்பாளர்களுக்கு விற்கப்பட்டன. அரசின் கண்ணுக்குப் படாதவை தட்டாரின் குகையில் உருகின. தீய நோக்கம் யாருக்கும் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். அவர்கள் அச்சு அசலை நம்பினார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சுத்தியலால் அடித்த காசுகளில் மிகைப்படி என்று ஒன்று இல்லை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அந்நாளில் கீழச்சு பட்டடையில் ஆழப் பதித்திருக்கும். பெரும்பாலும் மன்னன் தலை அதில்தான் இருக்கும். மேலச்சைக் கையால் பிடித்துக்கொண்டு அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அடியை நேராக வாங்குவது மேலச்சு. ஆகவே அது சீக்கிரம் உடையும். கீழச்சு நீண்ட நாள் உழைக்கும். ஒரு கீழச்சின் வாழ்நாளில் பல மேலச்சுகள் வந்து போகும். மாமியாரோடு வாழ்ந்து போன மருமகள்கள்போல என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் முறைக்கிறார்கள், இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது ஒரே கீழச்சில் பிறந்த ஐந்து காசுகள் உங்கள் முன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதற்காசில் மன்னன் கழுத்தருகே ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஓர் இழை. மூன்றாவதில் அந்த இழை முகவாயைத் தொடுகிறது. நான்காவதில் மூக்குவரை. ஐந்தாவதில் ஓரம் பெயர்ந்து கட்டி. விரிசல் வளருமே தவிர ஆறாது. ஆகவே இந்த ஐந்தும் எந்த வரிசையில் பிறந்தன என்பது ஐயமின்றித் தெரிகிறது. அவற்றின் பின்பக்கம் திருப்பினால் எந்த மேலச்சுக்குப் பின் எந்த மேலச்சு வந்தது என்பதும் தெரிகிறது. அந்த மேலச்சுகள் இன்னொரு கீழச்சோடும் சேர்ந்திருந்தால் சங்கிலி அடுத்த கண்ணிக்கு நீள்கிறது. எழுத்திலும் கல்வெட்டிலும் இல்லாத காலவரிசை இப்படித்தான் கட்டி எழுப்பப்படுகிறது. மொத்தம் எத்தனை அச்சுகள் பயன்பட்டன என்று கணக்கிட்டால் எவ்வளவு வெள்ளி அடிக்கப்பட்டிருக்கலாம் என்ற மதிப்பீடும் கிடைக்கும். ஒரு பானையில் ஒரே அச்சுக் காசுகள் பல சேர்ந்திருந்தால் அவை சாலையிலிருந்து அதிகம் கலையாமல் மூட்டையாக நேரே நம் கரைக்கு வந்திருக்கின்றன என்று ஊகிக்கலாம். எல்லாம் வெவ்வேறு அச்சாக இருந்தால் பல கைகளில் கலந்து வந்தவை. நொய்யல் கரை வணிகனுக்குக் காசு எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்விக்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது.

இதற்கெல்லாம் வேண்டியது அழகான ஒரு காசு அன்று. மங்கலும் விரிசலும் கட்டியுமாக உள்ள அத்தனை காசுகளும் வேண்டும், ஒரே இடத்தில் அல்லது ஒரே பட்டியலில். முகம் தெளிந்ததை மட்டும் பொறுக்கி எடுத்தவர்கள் அச்சின் இளமைக்காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதி வாழ்க்கையை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி ஆகாது. சீவக சிந்தாமணிக்கு ஒரு பிரதி கையில் இருக்கிறதே என்று உ.வே.சாமிநாதையர் உட்கார்ந்திருந்தால் 1887இல் நமக்கு எந்தச் சிந்தாமணி கிடைத்திருக்கும்? அவர் சிதைந்த ஏட்டையும் தேடிப் போனார். பூச்சி அரித்த இடம் வேறு, எழுதியவன் பிழைத்த இடம் வேறு, அவன் பார்த்து எழுதிய மூல ஏட்டிலேயே இருந்த குறை வேறு என்று பிரித்தறிவதுதானே பதிப்பாசிரியன் வேலை. காசிலும் அதே மூன்று உண்டு. கைத்தேய்வு பூச்சியரிப்பு. அச்சுத் தேய்வு மூல ஏட்டின் குறை. மூன்றாவதாக, அச்சு வெட்டுகிறவன் பழைய காசைப் பார்த்துப் புது அச்சு வெட்டும்போது வரும் திரிபு. இதற்கு இராசராசன் செப்புக்காசைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. நிற்கும் மனிதன் ஒருபுறம், அமர்ந்திருப்பவன் மறுபுறம், நாகரியில் பெயர். தமிழ்நாட்டில் எங்கு தோண்டினாலும் வரும் காசு. அதே உருவத்தைப் பின்வந்தவர்களும் ஈழத்து அரசர்களும் வெட்டி வெட்டி, கடைசியில் மனிதன் நாலைந்து குச்சிகளாகிவிட்டான். அந்தக் குச்சி மனிதனைப் பார்த்து 'தேய்ந்த காசு' என்று சொல்பவர்கள் உண்டு. அவனுடைய கோடுகள் கூர்மையாகவே இருக்கும். தேய்ந்தது உலோகம் அல்ல, வெட்டியவனின் நினைவு.

காயப்படுத்தும் கைகளையும் மறக்கக்கூடாது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் மன்னன் தலைமீது குறுக்கே வெட்டு இருக்கிறது. அது குழிந்த கோடு. நம்மவர் யாரோ உளியோ கத்தியோ வைத்துக் கீறியது. அச்சின் பிழையோடு அதைக் குழப்பிக்கொள்ளவே முடியாது. மேடு பள்ளம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

மேடு பள்ளம் பார்க்கத் தெரியாததால் இன்று வேறொரு தொல்லையும் வந்திருக்கிறது. சில்லறையில் வந்த இரண்டு ரூபாயில் ஒரு கோடு புடைத்திருந்தால் அது பல இலட்சம் பெறும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். ஆர்வத்தோடு தொடர்புகொள்பவரிடம் முன்பணம் கேட்டு வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இத்தகைய பழங்காசு வாங்கல் விற்றல் மோசடிகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அச்சு விரிசல் ஒவ்வொரு காசுச்சாலையிலும் நாள்தோறும் நடப்பது. ஒரு பக்கம் விலைமதிப்பில்லாத விரிசல்களை உருக்கிவிட்டோம். மறுபக்கம் மதிப்பில்லாத விரிசலுக்கு முன்பணம் கட்டுகிறோம்.

கரூர் அமராவதி மணலை அரித்தவர்கள் கண்டெடுத்த மாக்கோதை காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்டபோது சங்க இலக்கிய வாசகர்கள் மகிழ்ந்தார்கள். தமிழ்ப் பிராமியில் பெயரும் உரோமச் சாயலில் ஒரு முகமும் கொண்ட சேரக் காசு! எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நான் கேட்க விரும்பும் கேள்விகள் முகத்தின் அழகைப் பற்றியவை அல்ல. இதுவரை அறிந்த மாக்கோதைகள் எத்தனை அச்சுகளில் பிறந்தவை? ஓர் அச்சு தேய்ந்து ஓய்ந்து அடுத்தது வெட்டப்படும் அளவுக்குச் சேரன் காசு அடித்தானா, அல்லது விழாவுக்குச் சில நூறு அடித்து நிறுத்திவிட்டானா? முன்னது என்றால் அது சந்தைக்கான பணம், பின்னது என்றால் பெருமைக்கான பணம். சங்ககாலப் பொருளியலைப் பற்றி நாம் நடத்தும் கருத்தரங்குகள் பலவற்றின் தலையெழுத்தே இதில் இருக்கிறது. விடை, நூலில் அச்சேறிய தெளிந்த படத்தில் மட்டும் இல்லை. தனியார் பெட்டிகளிலும் அருங்காட்சியக இழுப்பறைகளிலும் கிடக்கும் மங்கல் காசுகளில் இருக்கிறது.

ஆகவே அருங்காட்சியகங்கள் ஒவ்வொரு காசுக்கும், எவ்வளவு மங்கலானாலும், இருபுறப் படமும் எடையும் சேர்த்து இணையத்தில் இடவேண்டும். 'இந்த வகையில் மேலும் நாற்பது' என்று ஒரே வரியில் எழுதும் பட்டியல் முறையை விட்டுவிட வேண்டும். உரோமக் காசுகளை எத்தனை ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியிருந்தாலும் படங்களையாவது மறுபடி ஒரே பானைக்குள் சேர்க்க முடியும்.

வீட்டில் பாட்டியின் காசுமாலையோ முடிந்துவைத்த வெள்ளி ரூபாய்களோ இருந்து, அவற்றை மாற்றி நகை செய்யும் எண்ணமும் இருந்தால், தட்டாரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கவேண்டாம். ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருபுறமும் படம் எடுங்கள். வெளிச்சம் மேலிருந்து விழக்கூடாது. சன்னல் ஓரமாக, பக்கவாட்டில் சாய்வாக விழவேண்டும். மேடான கோடுகள் அப்போதுதான் நிழல் கொடுக்கும்.